தினமும் எலுமிச்சைத் தண்ணீர்: டெல்டாவில் எப்படித் தொடங்குவது?

காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் எலுமிச்சை, ஒரு ஸ்பூன் தேன். இந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் வந்து சேராத வீடு தஞ்சாவூரிலிருந்து வேதாரண்யம் வரை இருக்காது. தொப்பை கரையும், ரத்தம் சுத்தமாகும், முகம் பளபளக்கும் என்று கூடவே ஒரு பட்டியலும் வரும். அதை நம்பித் தொடங்குகிறவர்களில் பலர் கொஞ்ச நாளில் நெஞ்செரிகிறது என்று நிறுத்திவிடுகிறார்கள். எலுமிச்சைத் தண்ணீர் நல்லதுதான். நேரம்தான் தப்பு. நம் சாப்பாட்டுக்கும் நம் வெயிலுக்கும் அதைக் குடிக்க வேண்டிய வேளை முற்பகலும் மதியமும். ஏன், எப்படி என்று வரிசையாகப் பார்ப்போம்.

அதில் இருப்பதும் இல்லாததும்

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சின்ன எலுமிச்சையின் சாற்றில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 30 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. ஒரு பழத்தைப் பிழிந்தால் சுமாராக 20 மில்லி சாறு தேறும். ஆகவே முழுப் பழம் பிழிந்தாலும் ஆறேழு மில்லிகிராம்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராமும் பெண்ணுக்கு 65 மில்லிகிராமும் வேண்டும். நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. வைட்டமின் சி மட்டும்தான் தேவை என்றால் கொய்யாப்பழம் வாங்கித் தின்றுவிட்டுப் போகலாம்.

எலுமிச்சைக்கு இவ்வளவு பெயர் வந்ததற்குக் கப்பல்காரர்கள்தான் காரணம். மாதக்கணக்கில் காய்ந்த ரொட்டியும் உப்புக்கறியும் தின்று, வைட்டமின் சி இல்லாமல் ஈறு வீங்கிச் செத்துக்கொண்டிருந்த மாலுமிகளுக்கு, 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துக் குணமாவதைக் காட்டினார். அந்தப் புகழ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் கீரையும் காயும் தின்கிறவர்கள், அந்த நிலைமையில் இல்லை.

அப்புறம் எதற்காகக் குடிப்பது? முதல் காரணம் மிகச் சாதாரணமானது: வெறும் தண்ணீர் இறங்காதவர்களுக்குக் கொஞ்சம் புளிப்பு இருந்தால் இன்னொரு டம்ளர் இறங்கும். இரண்டாவது, கலர் சோடா இருந்த இடத்தில் இது வந்தால் அவ்வளவு சர்க்கரை மிச்சம். மூன்றாவது இதிலுள்ள சிட்ரிக் அமிலம். கீரை, பயறு போன்றவற்றில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அதுவும் வைட்டமின் சியும் துணை செய்கின்றன. சிறுநீரகக் கல் விஷயத்திலும் அதற்கு ஒரு வேலை உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

தொப்பை கரைவதெல்லாம் நடக்காது. எந்தச் சாறும் கொழுப்பைக் கரைப்பதில்லை. கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. ரத்தத்தைக் காரத்தன்மைக்கு மாற்றும் என்பதும் வெறும் பேச்சு. ரத்தத்தின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 7.35க்கும் 7.45க்கும் நடுவில் நிற்கும்படி நுரையீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன, ஒரு டம்ளர் எலுமிச்சை அதை அசைக்காது.

முதல் படி: நேரத்தை மாற்றுங்கள்

காலையில் நமக்குக் காபி இருக்கிறது. கும்பகோணத்துக்காரர்களிடம் போய் காலைக் காபிக்குப் பதில் எலுமிச்சைத் தண்ணீர் குடியுங்கள் என்றால் நடக்கிற காரியமா? இரண்டையும் அடுத்தடுத்து ஊற்றிக்கொண்டால் வயிறு எரியும். தைராய்டு மாத்திரை போடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். அந்த மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வேறெதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் எலுமிச்சையைக் கொண்டுவந்து நுழைக்காதீர்கள்.

மதியச் சாப்பாடுதான் சரியான இடம். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 சுற்றின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. நடவுக்கும் களையெடுக்கவும் போகிறவர்கள் "மூச்சு வாங்குது, கண்ணைக் கட்டுது" என்று சொல்வதை வெயில் கணக்கில் எழுதிவிடுகிறோம். இத்தனைக்கும் இரும்புச்சத்துக்கு நம் பக்கம் பஞ்சமே இல்லை. கொல்லையில் முருங்கை நிற்கிறது. சம்பா அறுவடைக்கு முன்னாலேயே வயல் ஈரத்தில் தெளித்துவிடும் உளுந்தும் பச்சைப்பயறும் வீட்டுக்கு வருகின்றன. ஆனால் செடியிலிருந்து கிடைக்கும் இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது சிறு பங்குதான். சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு காபியோ டீயோ குடித்தால், அதிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் அந்தச் சிறு பங்கையும் குறைத்துவிடும்.

ஆகவே இப்படி வைத்துக்கொள்ளுங்கள். கீரையோ பயறோ பருப்போ இருக்கும் சாப்பாட்டோடு, ஒரு பழம் பிழிந்த தண்ணீர் ஒரு டம்ளர். முடிந்தால் சுண்டலிலும் கீரைப் பொரியலிலும் இறக்கியபிறகு கொஞ்சம் பிழியுங்கள். காபி, டீ குடிப்பதாக இருந்தால் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது போகட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை போடுகிறவர்கள் அதைக் காபியோடும் பாலோடும் விழுங்காமல் எலுமிச்சைத் தண்ணீரோடு விழுங்கலாம். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: ரத்தசோகை வந்தபிறகு எலுமிச்சை அதைத் தீர்க்காது. ஹீமோகுளோபின் பார்த்து, மாத்திரையை ஒழுங்காகப் போட வேண்டும். எலுமிச்சை கூடமாட ஒத்தாசை செய்யும், அவ்வளவே.

இரண்டாவது படி: தண்ணீர்

எலுமிச்சை பிழிந்தால் கிருமி செத்துவிடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். அரைப் பழம் ஒரு டம்ளர் தண்ணீரைச் சுத்தமாக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாய்க்காலும் குளமும் சாக்கடையும் ஒன்றாகிவிடும் ஊர்கள் நம்முடையவை. அந்த மாதங்களில் குழாய்த் தண்ணீரோ அடிபம்புத் தண்ணீரோ, தளதளவென்று கொதித்தபிறகு ஒரு நிமிடமாவது விட்டு, ஆறவைத்து, அப்புறம் பிழியுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஃபில்டர் மெஷினை நம்பியிருந்த வீடுகளிலும் அடுப்பும் பானையும்தான் மிஞ்சின.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக் கடலோர ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு. கொள்ளிடத்துத் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் நாளில் பிடித்து வைத்ததைக் குடிக்கப் பயன்படுத்துங்கள். அது இல்லாமல் அடிபம்புத் தண்ணீரில் கலக்கிறீர்கள் என்றால், மேலே உப்புப் போடவே வேண்டாம்.

வெந்நீரா, பச்சைத் தண்ணீரா என்று பெரிய விவாதம் நடக்கிறது. எதுவானாலும் சரி. கொதிக்கக் கொதிக்க இருக்கும் தண்ணீரில் பிழிந்தால் வைட்டமின் சி கொஞ்சம் போகும், அதனால் ஆறியபிறகு பிழிவது நல்லது. கோடையில் மண்பானைத் தண்ணீரே போதும். வண்டிக்கடையில் குடிக்கும்போது ஐஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மீனுக்குப் போடும் கட்டியா, குடிதண்ணீரில் செய்ததா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

மூன்றாவது படி: பழம்

தோல் மெல்லியதாக, வழவழப்பாக, மஞ்சள் ஏறியதாக, கையில் எடுத்தால் அளவுக்கு மீறின கனமாக இருப்பதை எடுங்கள். தடித்த தோலும் சொரசொரப்பும் இருந்தால் சாறு குறைவு. கடும் பச்சையாக இருப்பது ஊறுகாய்க்கு ஆகும், பிழிவதற்கு லாயக்கில்லை. கோயிலில் கொடுத்த பழத்தைச் சிலர் வாசலிலோ வண்டியிலோ காயும்வரை வைத்திருப்பார்கள். அது அவர்கள் விருப்பம், ஆனால் காய்ந்த பழத்தில் பிழிய ஒன்றும் இருக்காது. குங்குமம் தடவிய பழம் என்றால் நன்றாகக் கழுவிவிட்டு வெட்டுங்கள்.

இவ்வளவு பசுமையான ஊரில் எலுமிச்சை மட்டும் ஏன் வெளியிலிருந்து வருகிறது என்று தோன்றலாம். நெல்லுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும், எலுமிச்சைக்கு வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். வண்டல் களிமண்ணில் அது தோப்பாக நிற்பது கஷ்டம். தென்காசி மாவட்டத்துப் புளியங்குடியும் ஆந்திரத்துக் கூடூரும்தான் பெரிய எலுமிச்சைச் சந்தைகள். கொல்லையில் ஒன்று வைக்க ஆசை இருந்தால், மண்ணை மேடாக்கி, மழைத்தண்ணீர் வடியும் பக்கமாகப் பார்த்து நடுங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 ரகம் நல்லது.

வெட்டுவதற்கு முன் பழத்தைத் தரையிலோ மேடையிலோ வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டுங்கள், சாறு இளகும். காம்பிலிருந்து நீளவாக்கில் வெட்டாமல் குறுக்கே வெட்டினால் பிழிவது சுலபம். விதையை எடுத்துவிடுங்கள். கடைசிச் சொட்டுவரை தோலை நசுக்கினால் தோலிலுள்ள எண்ணெய் இறங்கிக் கசக்கும். பிழிந்த தண்ணீரை மணிக்கணக்கில் வைத்தாலும் கசப்பு ஏறும், அதனால் அவ்வப்போது கலந்து குடிப்பதே நல்லது.

நான்காவது படி: பாத்திரம்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. செம்புப் பாட்டிலில் தண்ணீர் வைத்துக் குடிப்பது இப்போது பரவிவிட்டது, அதிலேயே எலுமிச்சையையும் பிழிந்துவிடுகிறார்கள். குத்துவிளக்கையும் செம்பையும் புளியோ எலுமிச்சைத் தோலோ போட்டுத் தேய்க்கிறோம் அல்லவா? அந்தப் பளபளப்பு எப்படி வருகிறது? அமிலம் மேலே படிந்த கறுப்பைக் கரைக்கிறது, உலோகத்தையும் கொஞ்சம் கரைக்கிறது. அதே வேலை பாட்டிலுக்குள்ளும் நடக்கும், கரைந்த செம்பு நம் வயிற்றுக்குப் போகும். குமட்டல், வயிற்றுவலி, வாந்தி வரலாம். பித்தளையிலும் அலுமினியத்திலும்கூட ஊற்றி வைக்க வேண்டாம். எவர்சில்வர், கண்ணாடி, மண், பீங்கான் எல்லாம் சரி. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசி வைத்திருந்த பாட்டிகளுக்கு இந்த விவரம் தெரிந்திருந்தது.

ஐந்தாவது படி: இனிப்பும் உப்பும்

தொடங்குகிறவர்கள் முதல் வாரம் 250 மில்லி தண்ணீரில் கால் பழம் பிழிந்து குடியுங்கள். வயிறு ஒன்றும் சொல்லாவிட்டால் அரைப் பழம், அப்புறம் சாப்பாட்டோடு ஒரு பழம். ஒரு நாளைக்கு இரண்டு பழம் தாராளம். அதற்கு மேல் பிழிவதால் பல்லுக்கும் வயிற்றுக்கும்தான் தொந்தரவு.

சர்க்கரை போடாமல் பழகுவதுதான் உத்தமம். ஜூஸ் கடையில் ஒரு கிளாஸுக்கு நான்கு டீஸ்பூன் சர்க்கரை விழுவது சாதாரணம், அதுவே 16 முதல் 20 கிராம். கூடுதல் சர்க்கரை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரே கிளாஸில் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. தேன், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி என்று மாற்றினால் சுகர் உள்ளவர்களுக்கு எந்தச் சலுகையும் கிடையாது. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் நாக்கில் தடவக்கூட வேண்டாம், அதில் சில சமயம் இருக்கும் கிருமி அவர்களுக்கு ஆபத்து.

இனிப்பு இல்லாமல் எப்படிக் குடிப்பது என்கிறீர்களா? நான்கு புதினா இலையைக் கசக்கிப் போடுங்கள், இல்லாவிட்டால் ஒரு துண்டு இஞ்சியைத் தட்டிப் போடுங்கள். வறுத்துப் பொடித்த சீரகம் ஒரு சிட்டிகையும் நன்றாக இருக்கும். எனக்குப் பிடித்தது இஞ்சிதான்.

உப்பு விஷயத்தில் ஆளைப் பார்க்க வேண்டும். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு எலுமிச்சைத் தண்ணீரில் உப்புத் தேவையில்லை, சாம்பாரிலும் ஊறுகாயிலும் அப்பளத்திலும் வேண்டிய அளவுக்கு மேலேயே போய்க்கொண்டிருக்கிறது. பிரஷர் இருப்பவர்கள் உப்பைத் தொடவே வேண்டாம்.

வயலில் நிற்கிறவர் கணக்கு வேறு. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்தால் அதையொட்டிக் குறுவை நடவு, வெயில் இன்னும் தணியாத நேரம். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வேர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கும், உடம்புச் சூடும் லேசில் இறங்காது. காலை ஏழு மணிக்கு இறங்கினால் பத்து, பத்தரைக்குக் கரையேறும்போது குடிக்க, ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு பழம், கால் டீஸ்பூன் உப்பு, வேண்டுமானால் கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை கலந்து எடுத்துப் போங்கள். நீராகாரமும் மோரும் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன. அவை கிடைத்தால் அவற்றையே குடிக்கலாம், எலுமிச்சை ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. வெயிலில் ஒருவர் பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108க்குக் கூப்பிடுங்கள்.

வயிற்றுப்போக்குக்கும் இதையே கொடுத்துச் சமாளிப்பது சரியில்லை. ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைப் பொடிப் பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைத்துக் கொடுக்க வேண்டும். பொட்டலம் கையில் இல்லாத ராத்திரியில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இந்த அளவு மாறக்கூடாது. வேண்டுமானால் சுவைக்கு நாலு சொட்டு எலுமிச்சை.

ஆறாவது படி: பல்லும் வாயும்

எலுமிச்சைச் சாறு அமிலம் மிகுந்தது. அது படும்போது பல் எனாமல் சற்று இளகும். அந்த நேரத்தில் பிரஷ்ஷால் தேய்த்தால் தேய்மானம் சீக்கிரம் வரும். குடித்து முடித்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள், பல் தேய்ப்பதாக இருந்தால் அரை மணியாவது போகட்டும். பாட்டிலில் கலந்துவைத்து நாள் முழுக்கச் சப்பிச் சப்பிக் குடிப்பதுதான் இருப்பதிலேயே மோசமான முறை. எடுத்தால் ஒரே மூச்சாகக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துவிடுங்கள்.

வெற்றிலை பாக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எலுமிச்சையோ காரமோ பட்டால் வாய் முழுக்க எரிகிறது, முன்போல வாயை அகலமாகத் திறக்க முடியவில்லை என்றால் அது எலுமிச்சையின் குற்றம் இல்லை. பாக்கினால் வாயின் உள்தோல் இறுகிப்போகும் நோய் இப்படித்தான் தொடங்கும், புற்றுநோய் வரைக்கும் போகக்கூடியது. பல் டாக்டரிடம் உடனே காட்டுங்கள்.

யார் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்?

நெஞ்செரிச்சலும் அல்சரும் இருப்பவர்கள் வெறும் வயிற்றில் அறவே வேண்டாம், சாப்பாட்டோடு கொஞ்சமாகப் பார்க்கலாம். எரிந்தால் நிறுத்திவிடுங்கள், இது இல்லாமல் யாரும் கெட்டுப்போவதில்லை. சிறுநீரகம் பழுதாகித் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. அலுமினியம் கலந்த அசிடிட்டி மருந்து குடிப்பவர்கள் அதோடு சேர்த்து எலுமிச்சை குடிக்க வேண்டாம், அலுமினியம் ரத்தத்தில் அதிகம் ஏறும்.

கல் இருப்பவர்களுக்கு எலுமிச்சை உண்மையிலேயே பயன்படுகிறது. சிட்ரிக் அமிலம் உடம்பில் சிட்ரேட்டாகிச் சிறுநீருக்குப் போய்க் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் கல் உருவாவது குறையும். ஆனால் இதை வைத்து நடந்த மருத்துவ ஆய்வுகளில் நாளுக்கு 120 மில்லி வரை சாறு கொடுத்தார்கள். நம் பழத்தில் ஐந்தாறு. அதைத் தினமும் குடிக்கப் பல் தாங்காது. ஆகவே முக்கியமான மருந்து தண்ணீர்தான்: இரண்டிலிருந்து இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும், எலுமிச்சை அதற்குத் துணை. இதில் உப்பைப் போட்டால் காரியம் கெடும். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். கல்லுக்காக எலுமிச்சை குடிக்கிறேன் என்று உப்புப் போட்ட லெமன் சோடா குடிப்பவர்களை பஸ் ஸ்டாண்டு கடைகளில் பார்க்கலாம்.

பழம் மலிவாக இருக்கும்போது

பங்குனி, சித்திரையில் எலுமிச்சை விலை ஏறிவிடும், மழைக்காலத்தில் இறங்கும். மலிவாகக் கிடைக்கும்போது கூடுதலாக வாங்கி, துடைத்து, ஈரமில்லாமல் மூடிய டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் நிற்கும். வெளியே வைத்தால் ஒரு வாரத்தில் தோல் சுருங்கத் தொடங்கும். சாறாகவே வைக்க வேண்டுமானால் விதை நீக்கி வடிகட்டி, ஐஸ் டிரேயில் ஊற்றி உறையவிடுங்கள். ஒரு கட்டி ஏறக்குறைய ஒரு பழக் கணக்கு. உறைந்ததும் எடுத்துக் காற்றுப் புகாத பையில் போட்டு ஃபிரீசரிலேயே வைத்தால் சில மாதம் தாங்கும், வேண்டும்போது ஒரு கட்டியை டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் போதும். பிழிந்த தோலை உப்புப் போட்டு ஜாடியில் அடக்கி வெயிலில் வைத்தால் பழையசோற்றுக்கு ஊறுகாய்.